மந்திரத்துக்கு மசியாத பொம்மை



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். "என்னத்தை எழுதுறது?" என்றுதான் முதலில் தோன்றியது. மரம் வளர்ப்போம், நேரம் பொன் போன்றது, இளைஞர் கையில் நாளைய பாரதம் எல்லாம் வருடா வருடம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நம்மில் பாதிப் பேர் எதைப் பற்றிப் பேசுகிறோமோ, அதையே எழுதிவிடலாம் என்று துணிந்துவிட்டேன். கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் கோலெம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

"கோலெம்னா என்னடா, வாசல்ல மார்கழி மாசம் போடுறதா?" என்று அறை நண்பன் கேட்டான். அது கோலம். இது கோலெம். அது வாசலில் படுத்திருக்கும்; இது வாசலில் நின்று நம்மைப் படுக்க வைக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்!

சிரித்தாயிற்று. இனி பாடத்துக்குப் போவோம். கடைசியில் கேள்வித்தாளும் உண்டு.

கோலெம் என்பது யார்?

மண், கல், இரும்பு இப்படி ஏதாவது ஒரு ஜடப்பொருளில் மனித உருவம் செய்து, அதற்கு உயிர் மாதிரி ஒன்றைக் கொடுத்து, காவலுக்கு நிறுத்தினால் அதுதான் கோலெம். சொல் யூதர்களுடைய எபிரேய மொழியிலிருந்து வந்தது. முழு வடிவம் பெறாத பிண்டம் என்று பொருள். செக் நாட்டின் பிராக் நகரத்தில் 1609-ல் காலமான யூதா லோவ் என்ற மதகுரு, ஆற்றங்கரைக் களிமண்ணில் ஒரு கோலெம் செய்து தம் மக்களைக் காத்தார் என்பது அங்கே வழங்கும் கதை. கோலெம் கதைகளில் இன்னொன்றும் சொல்வார்கள். அதன் நெற்றியில் 'எமெத்' என்று எழுதியிருக்கும். உண்மை என்று அர்த்தம். அதில் முதல் எழுத்தை மட்டும் அழித்துவிட்டால் 'மெத்' என்று ஆகிவிடும். செத்தது என்று அர்த்தம். பொம்மை அப்படியே மண்ணாகிவிடும்.

இந்த ஒரு எழுத்து விஷயத்தை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

நம் பக்கத்திலும் உண்டு

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் ஜவ்வாது மலையிலேயே பழங்காலத்துக் கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்தது. குள்ள மனுஷங்க கட்டின வீடு என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கல் எழுந்து நடக்கும் என்றால் ஒன்றும் பெரிய ஆச்சரியமில்லை.

இன்னும் நெருங்கிய சொந்தம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இருக்கிறது. கொல்லிப்பாவை! தெய்வம் செய்து வைத்த பெண் உருவம், பகைவர் வந்தால் சிரித்தே கொல்லும் என்பது பழங்கதை. சங்கப் பாடல்கள் பலவற்றில் இந்தப் பாவை வருகிறது. நற்றிணையில் பரணர் பாடிய ஒரு பாட்டு, காற்று அடித்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், பூமியே அதிர்ந்தாலும் அந்தப் பாவை தன் உருவம் மாறாது என்கிறது. நண்பர்களே, இதைத்தான் இன்றைய கம்ப்யூட்டர் விளையாட்டில் 'மாய எதிர்ப்பு' என்று ஒரு எண்ணாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். பரணர் முந்திக்கொண்டார்.

மூன்றாவது கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து பாலி மொழியில் உரை எழுதிய புத்தகோசர் சொல்லும் கதை. புத்தருடைய தாதுக்களைப் பூமிக்கு அடியில் வைத்து, அவற்றைச் சுற்றி வாளோடு சுழலும் மரப் பொம்மை எந்திரத்தைக் காவல் வைத்தார்களாம். வைத்தது தேவலோகத் தச்சன் விசுவகர்மா. பல காலம் கழித்து அசோகச் சக்கரவர்த்தி வந்து திறக்கிறார். பொம்மைகள் கத்தியைச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே நுழைய வழியில்லை. சக்கரவர்த்தியின் படை பலம் எல்லாம் வாசலில் நிற்கிறது. அப்போது கையில் வில்லோடு ஒரு கிராமத்துப் பையன் வருகிறான். "நான் எடுத்துடட்டுமா?" என்கிறான். ஒரே ஒரு அம்பு. அது பட்ட இடம் எந்திரத்தின் மூட்டு. அவ்வளவுதான், பொம்மைகள் எல்லாம் பொலபொலவென்று கழன்று விழுந்தன. அந்தப் பையன் வேறு யாருமில்லை, மாறுவேடத்தில் வந்த விசுவகர்மாவேதான்.

செய்தவனுக்குத்தான் மூட்டு எங்கே என்று தெரியும். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது அது ஒன்றே. மற்றதெல்லாம் உதாரணம்.

மந்திரம் ஏன் பலிக்கவில்லை?

இப்போது விளையாட்டுக்கு வருவோம். 1974-ல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடுவது. அடுத்த வருடம், 1975-ல், அதில் கோலெம்கள் வந்து சேர்ந்தன. பின்னால் வந்த கம்ப்யூட்டர் வேஷ விளையாட்டுகள் பலவும் இந்த விதிகளைத்தான் காப்பியடித்தன.

நம் ஹாஸ்டலுக்கு ஏற்றது 'நெட்ஹேக்'. 1987-ல் முதலில் வெளிவந்தது. காசு கிடையாது. மூலை அறையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். படம் கூட இல்லை, எல்லாம் எழுத்துதான். நீங்கள் '@'. கோலெம் ஒரு சின்ன மேற்கோள் குறி. பார்த்தால் கொசு மாதிரி இருக்கும், அடித்தால் யானை. இதில் இன்னொரு கொடுமை, உங்களுக்கு ஒரே ஒரு உயிர்தான். செத்தால் சேமித்து வைத்த ஆட்டமும் சேர்ந்து அழிந்துவிடும். மறுபடி முதல் தளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் அறை நண்பன் மந்திரவாதி வேஷத்தில் மூன்று வாரம் ஆடிய ஆட்டம் ஒரு ராத்திரியில் போனது. எதிரே இரும்புக் கோலெம். இவனுக்கு நன்றாகத் தெரிந்தது வெடிக்கும் நெருப்புக் கோள மந்திரம். போட்டான். போட்டான். போட்டுக்கொண்டே இருந்தான். இரும்புக் கோலெமுக்கு அந்த நெருப்பு காயத்தை ஆற்றும் மருந்து! கொல்லனுடைய உலையில் வைத்த இரும்பு உருகியா போகிறது? பழுத்து, ஒட்டி, சேர்ந்துகொள்கிறது. எதிரிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு இவன் செத்தான். அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை. சிரிக்காதீர்கள், மூன்று வாரம் என்பது மூன்று வாரம்.

எங்கே தவறு? மந்திரம் என்பது உயிருள்ளவனை நினைத்துச் செய்தது. தூங்க வைக்கும் மந்திரம், தூங்குகிறவனுக்குத்தான். விஷம், ரத்தம் உள்ளவனுக்குத்தான். பயமுறுத்துவது, மயக்குவது எல்லாம் மனசு உள்ளவனுக்குத்தான். பொம்மைக்கு இவை ஒன்றும் கிடையாது. ஆகவே "என்னிடம் இருக்கிற பெரிய மந்திரம் எது?" என்று கேட்கக் கூடாது. "எதிரே நிற்பது எதனால் ஆனது?" என்றுதான் கேட்க வேண்டும். இது மெட்டீரியல்ஸ் பாடம்தானே தவிர, மந்திரப் பாடம் இல்லை!

பொருளைப் படி, பொம்மை தெரியும்

கீழே ஒவ்வொன்றாகத் தருகிறேன். நெட்ஹேக் எண்கள் 2003-ல் வந்த 3.4.3 பதிப்பைச் சேர்ந்தவை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்கள் அதே 2003-ன் 3.5 பதிப்பு. வேறு பதிப்பில் எண்கள் மாறும், தத்துவம் மாறாது.

1. வைக்கோல், காகிதம்: நெட்ஹேக்கில் உயிர்ப்புள்ளி 20. மாய எதிர்ப்பு சுழியம். இவை சில்லறை. காகிதப் பொம்மை நெருப்புப் பொறியில் கால் வைத்தால் சாம்பல்தான். ஆனால் வேகம் 12, நம் வேகமும் 12. ஓடித் தப்ப முடியாது, அடித்துத்தான் தப்ப வேண்டும்.

2. தசை: செத்த உடல்களைத் தைத்துச் செய்தது. நெட்ஹேக்கில் 40 புள்ளி, மாய எதிர்ப்பு 30. டன்ஜன்ஸ் விதியில் 79 புள்ளி. நெருப்பும் குளிரும் பட்டால் மந்தமாகும். மின்சாரம் பட்டால் காயம் ஆறும், மந்தமும் தெளியும். மின்னலில் எழுந்து உட்கார்ந்த பிராங்கன்ஸ்டைன் பூதத்தைச் சினிமாவில் பார்த்தவர்களுக்கு இது மறக்காது.

3. மண்: நெட்ஹேக்கில் 50 புள்ளி, மாய எதிர்ப்பு 40. டன்ஜன்ஸ் விதியில் 90 புள்ளி. கத்தி, ஈட்டி எல்லாம் மண்ணுக்குள் போய் வரும், அவ்வளவுதான். மொண்ணை ஆயுதம் வேண்டும். சம்மட்டி, கதாயுதம், உலக்கை மாதிரி. 2000-ல் வந்த 'பால்டர்ஸ் கேட்' இரண்டாம் பாகத்திலும் மண் கோலெமை வாளால் வெட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். பானையை யாராவது அறுத்து உடைப்பார்களா? அமிலம் வீசாதீர்கள், 3.5 விதியில் அமிலம் அதற்கு மருந்து. இனி அந்த ஒரு எழுத்துக் கதைக்கு வருவோம். நெட்ஹேக்கில் மாயத்தை ரத்துசெய்யும் மந்திரக்கோல் ஒன்று உண்டு. அதை மண் கோலெம் மேல் பிரயோகித்து, எதிர்ப்பைத் தாண்டிப் பலித்துவிட்டால், அதன் தலையில் இருந்த எழுத்து மறைந்தது என்று திரையில் செய்தி வரும். பொம்மை செத்தது! பிராக் நகரத்துப் பழங்கதையைப் படித்தவர்தான் இந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.

4. கல்: நெட்ஹேக்கில் 60 புள்ளி, மாய எதிர்ப்பு 50. டன்ஜன்ஸ் விதியில் 107 புள்ளி. கல்லை நேரே மோதுவது முட்டாள்தனம். அமுக்கத்தைக் கருங்கல் நன்றாகத் தாங்கும், இழுவிசையில்தான் அது பலவீனம். கல் உடைக்கிறவர்களைப் பாருங்கள். கண்ட இடத்தில் சம்மட்டி போடமாட்டார்கள். கல்லின் ஓட்டம் பார்த்து, வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பு இறக்கி, மெதுவாகத் தட்டிக்கொண்டே வருவார்கள். கல் தானாக வாய் திறக்கும். விளையாட்டிலும் அதே வழி, அதாவது பொருளை மாற்று. கல்லைத் தசையாக்கும் மந்திரம் ஒன்று இருக்கிறது. கல்லாகிப் போன நண்பனை மீட்பதற்கு என்று வைத்தது. அதை நெட்ஹேக்கில் கல் கோலெம் மேல் போட்டால் அது தசைக் கோலெம் ஆகிவிடும். 3.5 விதியில் அதே மந்திரம் ஒரு சுற்று நேரத்துக்கு அதன் சேதக் குறைப்பையும் மாய எதிர்ப்பையும் கழற்றிவிடும். அந்த ஒரு சுற்றில் எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும். பாறையைச் சேறாக்கும் மந்திரம் அதை மந்தமாக்கும். சேற்றைப் பாறையாக்கும் மந்திரத்தை மறந்தும் போடாதீர்கள், காயம் ஆறிவிடும்.

5. கண்ணாடி: நெட்ஹேக்கில் 60 புள்ளி, மாய எதிர்ப்பு 50. வேகம் 9. ஒரே முறையில் இரண்டு அடி அடிக்கும். உடைந்தால் மதிப்பில்லாத வண்ணக் கண்ணாடித் துண்டுகள் கிடைக்கும். ரத்தினம் என்று பொறுக்கிக்கொண்டு போய்க் கடையில் அசடு வழிந்தவர்கள் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

6. இரும்பு: இதுதான் பெரியண்ணன். நெட்ஹேக்கில் 80 புள்ளி, மாய எதிர்ப்பு 60. டன்ஜன்ஸ் விதியில் 129 புள்ளி, வாயிலிருந்து விஷக்காற்று வேறு. நெருப்பு அதற்கு மருந்து என்று பார்த்தோம். 3.5 விதியில் மின்சாரம் பட்டால் மூன்று சுற்றுக்கு மந்தமாகும். ஆனால் இரும்பின் உண்மையான எதிரி யார்? மழைக்காலத்தில் நம் மலையில் வெளியே விட்ட சைக்கிளைக் கேளுங்கள், சொல்லும். துரு! நெட்ஹேக்கில் துருப் பொறி என்று ஒரு தண்ணீர்ப் பொறி உண்டு. நம் மேல் பட்டால் தலைக்கவசம் கொஞ்சம் துருப்பிடிக்கும். இரும்புக் கோலெம் அதில் கால் வைத்தால் அந்த இடத்திலேயே சுக்குச் சுக்காகிவிடும். எண்பது புள்ளியும் போச்சு. மிச்சம் கொஞ்சம் இரும்புச் சங்கிலி. மூன்று வாரம் நெருப்பு செய்யாததை ஒரு குடம் தண்ணீர் செய்துவிட்டது.

கணக்குப் போடு, பிறகு கைவை

இனி கணக்கு. பயப்படாதீர்கள், கால்குலேட்டர் வேண்டாம்.

முதல் கணக்கு. 3.5 விதியில் கல் கோலெமுக்குச் சேதக் குறைப்பு 10. அடமன்டைன் என்ற கற்பனை உலோகத்தில் செய்த ஆயுதம் இல்லையென்றால், ஒவ்வொரு அடியிலும் முதல் 10 புள்ளி வீண். ஒருவன் 8 புள்ளி வீதம் ஐந்து அடி அடிக்கிறான். மொத்தம் 40. கோலெமுக்குப் போனது சுழியம். இன்னொருவன் 20 புள்ளி வீதம் இரண்டே அடி. மொத்தம் அதே 40. ஆனால் உள்ளே போனது 20. இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதா? எலாஸ்டிக் லிமிட்! அந்த எல்லைக்குள் எத்தனை முறை பாரம் ஏற்றி இறக்கினாலும் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். ("அப்போ ஃபெடீக்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நிற்க வேண்டாம். இந்த விளையாட்டில் அது கிடையாது.) ஆகவே சின்னச் சின்ன அடி ஆயிரம் வேண்டாம். ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் குத்துவதை விட்டு, பலசாலி ஒருவனுக்கு மற்றவர்கள் பலம் கூட்டும் மந்திரத்தைப் போட்டு அனுப்புங்கள். மந்திரம் கோலெம் மேல்தான் பலிக்காது, நம் ஆள் மேல் பலிக்குமே!

இரண்டாவது கணக்கு. நெட்ஹேக்கில் இரும்புக் கோலெமின் வேகம் 6, உங்கள் வேகம் 12. அதாவது நீங்கள் இரண்டு காரியம் செய்தால் அது ஒன்று செய்யும். கையில் சாதாரணக் குத்துவாள். பெரிய உருவத்தின் மேல் அதன் சராசரி சேதம் 2. எண்பது புள்ளிக்கு நாற்பது அடி வேண்டும். நேருக்கு நேர் நின்றால் அந்த நேரத்தில் அது இருபது முறை அடிக்கும். அதன் அடி ஒன்றுக்குச் சராசரி 22. பாதி அடி தவறினாலும் உங்களுக்கு விழுவது 220. உங்களிடம் இருப்பது எழுபதோ எண்பதோ. சங்கு!

அதே ஆட்டத்தை இப்படி ஆடிப் பாருங்கள். ஓர் அடி அடி. அடுத்த முறை ஒரு கட்டம் பின்னால் போ. அது தன் முறையை உங்களை நெருங்குவதில் செலவழித்துவிடும். மறுபடி ஓர் அடி, மறுபடி ஒரு கட்டம். ஒரு சுவரையோ தூணையோ சுற்றி வந்தால் இடம் தீராது. இரண்டு எச்சரிக்கை. அதன் விஷக்காற்று நேர்வரிசையிலும் மூலைவிட்டத்திலும்தான் வரும், ஆகவே பின்வாங்கும்போது கூடியவரை வரிசை தப்பி நில்லுங்கள். 2015-ல் வந்த 3.6 பதிப்பில் சராசரி வேகம் அதேதான், ஆனால் எந்த முறை நகரும் என்று நிச்சயம் கிடையாது. ஆகவே உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே போனால் வீரம் பேசாமல் மாடிப்படி ஏறிவிடுங்கள்.

தரையை மறக்காதே

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. 3.5 விதிப்படி கோலெமுக்குப் பலிக்காதது, 'மாய எதிர்ப்பு' செல்லுபடியாகும் மந்திரங்கள் மட்டுமே. சில மந்திரங்கள் ஒரு நிஜப் பொருளை வரவழைத்துத் தரும். தரையில் வழுக்கும் கிரீஸ், அமில அம்பு இப்படி. வந்த பிறகு அது மந்திரமில்லை, பொருள்தான். கிரீஸ் கொட்டிய தரையில் இரும்பும் வழுக்கும், கல்லும் வழுக்கும். ஒர்க்ஷாப்பில் ஆயில் சிந்திய இடத்தில் கால் வைத்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். (அமில அம்பு மண்ணுக்கு மட்டும் கூடாது, மேலே சொன்னேனே, ஞாபகமிருக்கிறதா?) ஆகவே மந்திரத்தைப் பொம்மை மேல் போடாதே, அது நிற்கிற தரையில் போடு.

வாசலையும் கவனியுங்கள். 'பால்டர்ஸ் கேட்' இரண்டாம் பாகத்தில் இரும்புக் கோலெம் உருவத்தில் பெரியது, சின்னக் கதவு வழியாக வெளியே வர முடியாது. கதவுக்கு வெளியே நின்று அம்பு விடுகிறவன் கெட்டிக்காரன், உள்ளே போய் மல்லுக்கட்டுகிறவன் மாவீரன். மாவீரனுக்கு மாலை போடுவோம், ஆனால் படத்துக்குத்தான்.

செய்யக் கூடாத தவறு

நெட்ஹேக்கில் காக்கட்ரைஸ் என்று ஒரு ஜந்து. அதன் பிணத்தைக் கையுறை போட்டுத் தூக்கி அடித்தால் எதிரி கல்லாகிவிடுவான். விளையாட்டிலேயே பயங்கரமான ஆயுதம் என்று பெயர். இதை நம்பி ஒருவன் வைக்கோல் கோலெமை அடித்தான் என்று வையுங்கள். என்ன ஆகும்? கல்லாகும். அதாவது கல் கோலெம் ஆகும்! சில்லறையைத் தானே பெரிய நோட்டாக மாற்றிக் கொடுத்த கதை. எவ்வளவு பெரிய ஆயுதம் என்றாலும், எந்தப் பொருள் மேல் படுகிறது என்று பார்க்காமல் எடுக்கக் கூடாது.

ஊரில் நடந்த ஒரு பாடம்

இவ்வளவும் விளையாட்டுப் பேச்சு. இதில் எனக்கு வலித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

போன கோடை விடுமுறையில் மலைமேல் எங்கள் ஊரில் அடிபம்பு நின்றுபோனது. இந்தியா மார்க் டூ பம்பு, பல ஊர்களில் இருப்பதுதான். அது நின்றால் பெண்கள் குடத்தோடு இறங்கி ஊற்றுக்குப் போய் ஏறி வர வேண்டும். "தம்பி, நீதான் டிப்ளமோ படிக்கிறியே, கொஞ்சம் பாரேன்" என்றார் சித்தி. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பாய்ல் விதியிலிருந்து வால்வு வகைகள் வரை எல்லாம் மனப்பாடம். என்ன செய்தேன் தெரியுமா? கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். வரவில்லை. இன்னும் வேகமாக அடித்தேன். நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு அடித்தேன். இரும்புக் கோலெம் மேல் நெருப்புப் போட்ட அதே கதை. இரண்டு நாள் சித்தி ஊற்றுக்குப் போய் வந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் கீழேயிருந்து பம்பு ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். கைப்பிடியை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். "கனமே இல்லையே தம்பி. உள்ள ராடு தொங்குற பாரம் கையில தெரியணும்ல? எங்கயோ கழன்டு போச்சு" என்றார். மேல்பகுதியைக் கழற்றி ராடுகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்தார். மூன்றாவது ராடின் கப்ளிங் மரை தேய்ந்து கழன்றிருந்தது. மூட்டு! மாற்றிப் போட்டு இறக்கினார். மதியத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் கைக்குத் தெரிந்த கேள்வி என் நோட்டில் இல்லை. நான் "எவ்வளவு பலமாக அடிப்பது?" என்று கேட்டேன். அவர் "இது எப்படிச் சேர்த்திருக்கிறது?" என்று கேட்டார். அசோகர் படையோடு நின்ற இடத்தில் நின்றவன் நான். வில்லோடு வந்த கிராமத்துப் பையன் அவர்.

முடிவாக

நண்பர்களே, நம்மில் பலர் ஃபார்முலாவை மந்திரம் மாதிரி உருப்போட்டு வைத்திருக்கிறோம். கேள்வித்தாள் உயிருள்ள எதிரி. கொஞ்சம் மிரட்டினால் முப்பத்தைந்து, நாற்பது மார்க் போட்டுவிடும். ஆனால் மெஷின் அப்படியில்லை. அது மண், கல், இரும்பு. அதற்கு நம் மந்திரம் கேட்காது. கோபமும் கிடையாது, தாட்சண்யமும் கிடையாது. எதனால் ஆனது, எங்கே சேர்ந்திருக்கிறது என்று கேட்கிறவனுக்கு மட்டும் வழிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால்:

1. முதலில் பொருளைப் பார், பிறகு ஆயுதத்தை எடு.
2. எது அதற்கு மருந்து என்று தெரியாமல் எதையும் அதன் மேல் போடாதே.
3. சின்ன அடி பலவற்றைவிட எல்லை தாண்டும் அடி ஒன்று மேல்.
4. அது மெதுவானது. அவசரப்பட வேண்டியது நீ அல்ல.
5. தரை, கதவு, தண்ணீர் எல்லாம் உன் கட்சி.
6. மூட்டைத் தேடு.

கேள்வித்தாள் (நேரம்: ஒரு டீ குடிக்கும் நேரம்)

பகுதி அ: கோலெம் – கோலம், வேறுபாடு தருக. (2 மதிப்பெண்)

பகுதி ஆ: சேதக் குறைப்பு 15 உள்ள இரும்புக் கோலெமை ஒருவன் 18 புள்ளி வீதம் ஆறு முறை அடிக்கிறான். உள்ளே சென்ற சேதம் எவ்வளவு? அதே மொத்தச் சேதத்தை மூன்று அடியில் அடித்தால் எவ்வளவு? (5 மதிப்பெண். விடை: 18, 63. பார்த்து எழுதியவர்கள் கையைத் தூக்குங்கள்!)

பகுதி இ: உங்கள் ஊரில் நின்றுபோன பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மூட்டு எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும். (மதிப்பெண்ணை ஊர்க்காரர்கள் போடுவார்கள்.)

நெட்ஹேக்கில் இரும்புக் கோலெமைத் துருப் பொறிக்கு இழுத்துப்போய் முடித்தவர்கள் ராத்திரி என் அறைக்கு வாருங்கள், வறுத்த வேர்க்கடலை தயாராக இருக்கும். நெருப்புப் போட்டுச் செத்தவர்களும் வரலாம். என் அறை நண்பன் துணைக்கு இருக்கிறான்!